எண்ணிம வங்கியும் கிராமியக் கடனும்: ஒரு விமர்சன நோக்கு

1

நமது நாட்டின் பொருளாதாரம் பற்றிப் பேசுவோரிடையே அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றுள்ள தொடர்களில் 'நிதியியல் வசதிக்குட்படுத்தல்' என்பதும் ஒன்றாகும். இலங்கை மத்திய வங்கி 2021ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய உபாயமொன்றையே வெளியிட்டது. வங்கி எட்டாத கிராமத்துக்குக் கையடக்கத் தொலைபேசி எட்டிவிட்டது. எனவே தொலைபேசியினூடாக வங்கியை எட்டச் செய்தால் வறுமையின் ஒரு வேர் அறுந்துவிடும் என்பது இத்தொடரின் பின்னால் நிற்கும் வாதமாகும். வாதம் எளிமையானது. அதன் எளிமையே அதனை ஐயுறவோடு நோக்கவேண்டிய தேவையையும் தோற்றுவிக்கின்றது.

'உட்படுத்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்றினுள் சேர்த்துக்கொள்ளல் ஒரு பொருள். ஒன்றின் ஆட்சிக்குக் கீழ்ப்படுத்தல் மற்றொரு பொருள். சட்டத்துக்கு உட்படுத்துகின்றோம், விசாரணைக்கும் உட்படுத்துகின்றோம். கிராமிய மக்களை வங்கி முறைக்குள் 'உட்படுத்தும்' இம்முயற்சி எப்பொருளில் நிகழ்கின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். தொழில்நுட்பத்தைப் போற்றுவதோ தூற்றுவதோ எமது நோக்கமன்று. எந்தவொரு தொழில்நுட்பமும் குறிப்பிட்டதொரு சமூக உறவினுள்ளேயே தொழிற்படுகின்றது. அவ்வுறவை விளங்கிக்கொள்ளாது கருவியை மட்டும் எடைபோடுதல் பயனற்றது.

2

கிராமத்தவன் இதுகாறும் நிதி உறவுகளுக்கு வெளியே நின்றான் என்றும், இப்பொழுதுதான் உள்ளே அழைத்துவரப்படுகின்றான் என்றும் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்றாகும். குடியேற்றக் காலத்திலே அவன் கடனின் உள்ளேதான் இருந்தான். வங்கியின் வெளியே நின்றான். அன்றைய மாற்று வங்கிகள் தோட்டத்துரைமாருக்கும் ஏற்றுமதி வணிகருக்கும் கடன் கொடுத்தன. சுதேச வணிகருக்கு வேண்டிய பணம் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஊடாகவே பெரிதும் சென்றது. செட்டிமார் வங்கியிடம் பெற்று, அதிகூடிய வட்டிக்குக் கடைக்காரருக்குக் கொடுக்க, கடைக்காரர் விவசாயிக்குக் கொடுத்தனர். ஒவ்வொரு படியிலும் வட்டி ஏறிற்று. இறுதிப் படியில் நின்றவன் முழுச் சுமையையும் தாங்கினான். 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இந்நிலைமையை ஆராய்ந்ததன் பயனாகவே 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று.

மலையகத் தோட்டங்களில் கடன் இன்னுங் கொடிய வடிவத்தில் விளங்கியது. ஆட்சேர்ப்பின்போது கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்றது. அவன் வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இவ்வளவு கடன் செலுத்தப்படின் இவன் விடுவிக்கப்படுவான் என எழுதிய 'துண்டு' ஒன்று கொடுக்கப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனை ஏற்று அவனைப் பெற்றுக்கொண்டது. மனிதன் இடம்பெயருமுன் அவனது கடன் இடம்பெயர்ந்தது. 1921ஆம் ஆண்டிற் சட்டத்தின் மூலம் தடைசெய்யப்படும் வரை நிலைத்த இத்துண்டு முறை, ஒருவகையில், கடன் தகவற் பதிவேட்டின் முன்னோடி எனலாம். எழுத்தறியாத தொழிலாளி தன்னைப் பற்றி எழுதப்பட்ட தாளைத் தானே சுமந்து சென்றான். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அவன் அறியான். இவ்வுருவகத்தை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

3

மேற்கூறிய அமைப்புக்கு எதிரான தேடல் ஒன்றும் இந்நாட்டில் இருந்து வந்துள்ளது. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் அதன் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கம் வேரூன்றிய முறைக்கு மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும், கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயர் தாங்கிய மண்டபமும் இன்றும் சான்று பகர்கின்றன. 1961இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டது. 1964 தொடக்கம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ்க் கிராமிய வங்கிகள் தோன்றின. 1985ஆம் ஆண்டில் மாவட்ட அடிப்படையிலான பிரதேச கிராமிய அபிவிருத்தி வங்கிகள் ஆரம்பிக்கப்பட்டன. 1995இற் சமுர்த்திச் சட்டம் நிறைவேறியபின் அத்திட்டத்தின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட சமூக வங்கிகள் உருவாயின.

இந்நிறுவனங்களை இலட்சிய வடிவங்களாகக் காட்டுவது நேர்மையாகாது. கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகக் குழுவில் நிலமுடையோரும் சாதிச் செல்வாக்குடையோரும் அமர்ந்திருந்த இடங்களில், கடன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. பிணையாளி வேண்டும் என்னும் விதி, பிணை நிற்க எவரும் இல்லாதவனைத் தானாகவே வெளியே நிறுத்தியது. அரசியற் சலுகையாகக் கடன் வழங்குதலும், தேர்தற் காலத்தில் அதனைத் தள்ளுபடி செய்தலும் கிராமியக் கடன் திட்டங்களைப் பலவீனப்படுத்தின. எனினும் இவற்றுக்கிடையே ஒரு பொதுப்பண்பு இருந்தது. கடன் கொடுக்கும் நிறுவனம் கிராமத்தவனின் கண்முன் இருந்தது. அதன் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க, கோட்பாட்டளவிலேனும், அவனுக்கு உரிமை இருந்தது. தவறு நேர்ந்தால் எங்கே போய், யாரிடம் கேட்பது என்பது தெரிந்திருந்தது.

4

1977இன் பின் கைக்கொள்ளப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையின் நீண்டகால விளைவுகளுள் ஒன்று, கிராமியக் கடன் என்பது அபிவிருத்திப் பணி என்ற நிலையிலிருந்து இலாபந்தரும் சந்தை என்ற நிலைக்கு மாறியமையாகும். இம்மாற்றத்தின் உச்சத்தை 2009இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் கண்டோம். போரினால் வீட்டையும் தொழிலையும் கணவனையும் இழந்த பெண்களின் படலைக்கே நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பிணை கேட்கவில்லை, ஈடு கேட்கவில்லை, ஐந்து பேர் ஒரு குழுவாகக் கையொப்பமிட்டாற் போதும் என்றன. புள்ளிவிபர நோக்கில் இது மாபெரும் 'உட்படுத்தல்' ஆகும். நடந்தது யாது? ஒரு கடனைச் செலுத்த இன்னொரு கடன். வாராந்தத் தவணைக்காகத் தாலிக்கொடி அடைவுக்குப் போதல். தவணை தவறியவளின் வாசலிற் சேகரிப்பாளர் பொழுது சாயும் வரை காத்திருத்தல். ஒருத்தி தவறினால் மற்றைய நால்வரும் அவளுக்கு எதிராக மாறுதல். உறவே பிணையாக வைக்கப்பட்டமையால், கடன் முறிந்தபோது உறவும் முறிந்தது.

2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. உரிமம்பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என உச்ச வட்டியும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு இங்கு வருகை தந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி இப்பெண்களின் நிலையைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச் 8ஆந் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையிற் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தனர். வடக்குத் தமிழ்ப் பெண்ணையும் பொலன்னறுவைச் சிங்களப் பெண்ணையும் ஒரே கோரிக்கை இணைத்தமை வர்க்க நோக்கில் மனங்கொள்ளத்தக்கது. நிதி நிறுவனம் மக்களை எட்டுவது வேறு, அது மக்களுக்கு உதவுவது வேறு என்னும் பாடத்தை இந்நாட்டுக் கிராமியப் பெண்கள் தம் வாழ்வாற் கற்றுக்கொண்டனர், பிறருக்கும் கற்பித்தனர்.

5

எண்ணிம வங்கியின் ஆதரவாளர்கள் முதலிற் காட்டும் உதாரணம் கென்யா ஆகும். 2007 மார்ச்சில் சபாரிகொம் நிறுவனம் அங்கு 'எம்-பெசா' என்னும் சேவையைத் தொடங்கியது. 'பெசா' என்பது சுவாகிலி மொழியிற் பணத்தைக் குறிக்கும். நமது 'பைசா'வே இந்துசமுத்திர வணிகத்தோடு அங்கு சென்று அவ்வாறாயிற்று. நைரோபியில் உழைப்பவன் மூலைக்கடை முகவரிடம் பணத்தைக் கொடுத்தால், கிராமத்திலுள்ள தாய் தன் ஊர்க் கடையில் அதனைப் பெற்றுக்கொள்வாள். பஸ் சாரதியிடம் கடித உறையிற் பணத்தைக் கொடுத்தனுப்பி, அது சேருமோ சேராதோ எனக் காத்திருந்த சமூகத்துக்கு இது உண்மையான விடுதலையே. இதனை மறுப்பவர் வறியவரின் நேரத்துக்கும் பயணச் செலவுக்கும் மதிப்பளிக்காதவராவார்.

டவ்னீத் சூரி, வில்லியம் ஜக் ஆகிய இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இச்சேவை 194,000 கென்யக் குடும்பங்களை வறுமையினின்றும் உயர்த்தியது என மதிப்பிட்டது. உலகெங்கும் எடுத்தாளப்பட்ட முடிபு இது. 2019இல் மில்போர்ட் பேற்மன் முதலியோர் இம்முடிபைக் கடுமையாக விமர்சித்தனர். தொடங்கப்பட்ட சிறுதொழில்களைக் கணக்கெடுத்தவர்கள் அவற்றுட் பல அழிந்தமையைப் போதியளவு கருதவில்லை; கடன்சுமையைக் கருத்திலெடுக்கவில்லை; வறியவரின் சில்லறைக் கொடுக்கல் வாங்கல்களிலிருந்து பங்குதாரருக்குச் செல்லும் இலாபத்தையும் நோக்கவில்லை என்பன அவர்களது வாதங்கள். எமது கருத்தில், இவ்விவாதத்தின் இரு தரப்பாரும் ஒரு வேறுபாட்டை இன்னும் அழுத்தமாகப் பிரித்துக் காட்டியிருக்கலாம். பணத்தை அனுப்புதல் வேறு. பணத்தைக் கடனாகக் கொடுத்தல் வேறு.

2012 நவம்பரில் அதே தொலைபேசியில் 'எம்-ஷ்வாரி' என்னும் கடன் சேவை வந்தது. முப்பது நாட் கடனுக்கு 7.5 வீதம் கட்டணம் அறவிடப்பட்டது. மாதந்தோறும் ஒருவர் அதனைப் பெறின் ஆண்டுக்கு 90 வீதமாகும். 'வட்டி' என்னாது 'கட்டணம்' என்றமையால் அது வட்டியல்லாது போய்விடாது. தொடர்ந்து பல கம்பனிகள் தொலைபேசிக் கடன் கொடுக்க முன்வந்தன. சில நூறு சில்லிங்கைத் திருப்பிக் கொடுக்கத் தவறியோரின் பெயர்களும் கடன் தகவற் பதிவேட்டில் ஏறின. இறுதியில் 2021இன் சட்டத் திருத்தத்தின் மூலம் அக்கம்பனிகளை மத்திய வங்கியின் கட்டுப்பாட்டுக்குட் கொண்டுவரவேண்டிய நிலை கென்யாவுக்கு ஏற்பட்டது. பணம் அனுப்ப உதவிய பாதையே கடன் வந்து சேர்ந்த பாதையுமாயிற்று. முன்னையதன் நன்மையைச் சான்றாகக் காட்டிப் பின்னையதை நியாயப்படுத்துவது தர்க்கப் பிழையாகும்.

6

இந்தியாவின் அனுபவம் வேறொரு வகையிற் பயன்படுகின்றது. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. 1977 முதல் 1990 வரை ஒரு விதி நடைமுறையிலிருந்தது: ஏற்கெனவே வங்கியுள்ள இடத்தில் ஒரு கிளையைத் திறக்க விரும்பும் வங்கி, வங்கியில்லாத நான்கு இடங்களிற் கிளை திறத்தல் வேண்டும். இவ்விதியின் கீழ் ஏற்பட்ட கிளை விரிவு கிராமிய வறுமையைக் குறைத்தது என றொபின் பேர்ஜெஸ், ரோகிணி பாண்டே ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. கடன்கள் திரும்பாமையால் வங்கிகள் நட்டமடைந்தன என்பதும் உண்மையே. தாராளமயக் கொள்கை அந்நட்டத்தையே கண்டது, அவ்விதி கைவிடப்பட்டது.

2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டம் மறுபாதையிற் சென்றது. 2023 ஆகும்போது 50 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை பெண்களுடையவை. இது சிறிய சாதனையன்று. ஆயினும் கிராமத்துக்குச் சென்றது கிளையன்று, தரகுக் கூலி பெறும் முகவரே. முகவரின் கையிற் கைரேகைக் கருவி. மண்வெட்டியும் கல்லும் பிடித்துக் கைரேகை தேய்ந்தவரைக் கருவி அடையாளங் காணாது போவதுண்டு. உழைத்தமையின் அடையாளமே உழைத்த கூலியைப் பெறத் தடையாகின்றது! கிளை முகாமையாளர் ஒருவர் தவறிழைத்தால் அவருக்கு மேலொருவர் உண்டு. கருவி மறுத்தால், மறுத்தவர் எவருமில்லை. இலங்கையிலும் இந்திய உதவியுடன் எண்ணிம அடையாளத் திட்டமொன்றுக்கு 2022இல் உடன்பாடு காணப்பட்டமையால், இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடாது.

7

இனி நமது கிராமத்துக்குத் திரும்புவோம். இங்கு கணக்கில்லாதோர் தொகை பெரிதன்று. உலக வங்கியின் 2021ஆம் ஆண்டுத் தரவுகளின்படி வளர்ந்தோரில் ஏறத்தாழ 89 வீதத்தினருக்குக் கணக்கு உண்டு. கையடக்கத் தொலைபேசிப் பணச் சேவை 2012இலேயே இங்கு வந்துவிட்டது. 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது அதனைப் பெற வங்கிக் கணக்கு அவசியமாயிற்று. ஆகவே கணக்கைத் திறப்பது இந்நாட்டின் தலையாய பிரச்சினையன்று. கணக்கு எதற்குப் பயன்படுகின்றது என்பதே பிரச்சினை.

மூன்று முரண்பாடுகளை இங்கு சுட்டுதல் பொருந்தும்.

முதலாவது, காலம் பற்றியது. நெற்செய்கையாளனுக்குப் பணம் பெரும்போகம், சிறுபோகம் என ஆண்டில் இருமுறை வருகின்றது. மீனவனுக்குக் கடல் தரும் நாளில் வருகின்றது. கச்சான் காற்றிலும் வாடைக்காற்றிலும் வராது போகின்றது. தவணையோ வாரந்தோறும் மாதந்தோறும் வருகின்றது. பழைய கடைக்காரன் அறாவட்டி வாங்கினான். ஆயினும் சூடு மிதிக்கும் வரை பொறுத்திருந்தான், ஏனெனில் நெல்லையும் அவனே வாங்கினான். இயந்திரம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தண்டப்பணத்தைச் சேர்க்கின்றது. கடனின் கால அட்டவணையைப் பயிரின் கால அட்டவணையோடு பொருத்துவது தொழில்நுட்பத்துக்கு மிக எளிது. இலாப நோக்கே அதற்கு இடங்கொடுப்பதில்லை.

இரண்டாவது, மொழி பற்றியது. தமிழிற் பேசி, தமிழிற் கணக்குப் பார்க்கும் ஒருத்தி, ஆங்கிலத்தில் எழுதிய நிபந்தனைகளின் கீழே 'சம்மதம்' என அழுத்துகின்றாள். அது எவ்வகைச் சம்மதம்? தமிழில் எழுதப்பட்டவிடத்தும், அம்மொழி பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பாகவோ அலுவலகத் தமிழாகவோ உள்ளது. குடியேற்றக் காலத்து உறுதிகளிற் பெருவிரல் அடையாளமிட்ட விவசாயிக்கு வாசித்துக் காட்டவேனும் ஒரு நொத்தாரிசு இருந்தார். இன்று பெருவிரல் உண்டு, நொத்தாரிசு இல்லை. மொழியுரிமையை அரசகருமத்தோடும் கல்வியோடும் மட்டும் தொடர்புபடுத்திச் சிந்தித்து வந்த நாம், அது கடன் ஒப்பந்தத்தின் நீதியோடும் தொடர்புடையது என்பதைப் போதியளவு உணரவில்லை.

மூன்றாவது, பதிவு பற்றியது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தினாற் கடன் தகவற் பணியகம் இங்கு நிறுவப்பட்டது. கடன்கொடுப்போர் ஏமாறாதிருக்க இது தேவையானதே. ஒருத்திக்கு ஐந்து நிறுவனங்கள் ஒரே வேளையிற் கடன் கொடுத்து அவளை அழிப்பதைத் தடுக்கவும் இது பயன்படலாம். ஆயின் எண்ணிமக் கடன் இன்னும் ஒரு படி செல்கின்றது. தொலைபேசிப் பாவனை, மீள்நிரப்புந் தொகை, தொடர்பிலுள்ளோர் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரின் 'தகுதி'யை அளவிடுகின்றது. அத்தகுதி எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது கணிக்கப்பட்டவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கின்றது என அறியாது துண்டைச் சுமந்து சென்ற தோட்டத் தொழிலாளிக்கும் இவருக்கும் வேறுபாடு யாது? அவன் தாளையேனும் கையிற் பிடித்திருந்தான்.

8

இதற்கு நேர்மையான மறுப்பொன்று உண்டு; அதனை மறைத்தலாகாது. மனித முகம் எப்பொழுதும் அன்பு முகமாக இருப்பதில்லை. வங்கி வாசலிற் சாரத்துடன் நின்றவனை அலட்சியம் செய்ததும் மனித முகமே. விண்ணப்பத்தைப் பார்க்குமுன் 'எந்தப் பகுதி?' எனக் கேட்டுச் சாதியறிந்ததும் மனித முகமே. சமூக உதவிக்காகக் கையேந்த வைத்ததும் அதுவே. தொலைபேசி சாதி கேட்பதில்லை. கணவனறியாது தன் சேமிப்பை வைத்திருக்க ஒரு பெண்ணுக்கு அது இடமளிக்கின்றது. இவ்வாதம் வலுவானது. கிளையையும் கூட்டுறவுச் சங்கத்தையும் அவை இருந்தவாறே மீட்டெடுக்க வேண்டும் எனக் கோருவது, அவற்றினின்றும் விலக்கப்பட்டிருந்தோருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

ஆகவே தெரிவு இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதன்று. இயந்திரத்தின் பின்னால் நிற்பது யாருக்குப் பொறுப்புக்கூறும் நிறுவனம் என்பதே தெரிவு. அதே எண்ணிம ஏற்பாடு கூட்டுறவுக் கிராமிய வங்கியின் உடைமையாக இருக்கலாம். அங்கத்தவர் தம் கணக்கையும் சங்கத்தின் கணக்கையும் ஒருங்கே பார்க்கலாம். செயலாளர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது பொதுக்கூட்டத்துக்கு முன்னரே வெளிப்படலாம். நிருவாகக் குழுவின் சாதிச் சலுகையை அம்பலப்படுத்தும் கருவியாகவே தொழில்நுட்பம் மாறலாம். இவ்வாறு செய்யத் தடையாக இருப்பது அறிவின் குறைவன்று. மூலதனமும் அரசியல் விருப்பும் வேறு திசையிற் செல்வதே தடையாகும்.

இந்நோக்கிற் குறைந்தபட்சக் கோரிக்கைகள் சிலவற்றை முன்வைக்கலாம். கட்டணம் எப்பெயரில் அறவிடப்பட்டாலும் அது ஆண்டு வட்டியாகக் கணிக்கப்பட்டுத் தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் காட்டப்படல் வேண்டும். உச்ச வட்டிவிதி தொலைபேசிக் கடனுக்கும் பொருந்தல் வேண்டும். கொடுப்பனவுச் சேவையும் கடன் சேவையும் சட்டத்தாற் பிரிக்கப்படல் வேண்டும். நலன்புரிக் கொடுப்பனவு வந்து விழும் கணக்கிலிருந்து எக்கடனும் தானாகக் கழிக்கப்படலாகாது. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும், முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்க்கும் அதிகாரமுடைய ஒரு மனிதர் அமர்ந்திருத்தல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. கடன்பட்டவரும் மனிதர் என்பதன் குறைந்தபட்ச ஏற்பு மட்டுமே.

தமிழிற் 'கடன்' என்னும் சொல் கொடுத்து வாங்கும் பொருளை மட்டுமன்றிக் கடமையையும் குறித்தது; நேர்த்திக்கடன் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. நமது பொருளாதாரச் சிந்தனை ஒரு பொருளை வைத்துக்கொண்டு மற்றையதைக் கைவிட்டுள்ளது. கிராமத்தவள் நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டியதைச் சதக் கணக்கில் அளக்கும் கருவிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. நிறுவனம் அவளுக்குச் செலுத்தவேண்டிய கடன் யாதென அளப்பதற்கு இன்னும் ஒரு கருவியும் இல்லை. அதனைக் கேட்கும் பொறுப்பு, ஹிங்குராக்கொடையில் வெயிலில் அமர்ந்திருந்த பெண்களுக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகத்தில் அமர்ந்து எழுதும் நமக்கும் உரியது.